பாலையும் பனிமுகடும்: சான் ஹசிந்தோ மலைப்பகுதியின் உல்லாசப் பயண வரலாறு

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில், தெற்குக் கலிபோர்னியாவின் கடலோர மலைகள் ஓய்ந்து பாலை தொடங்கும் இடத்தில், 10,834 அடி உயரமுள்ள சான் ஹசிந்தோ மலை நிற்கிறது. அதன் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 500 அடிக்கும் குறைவான உயரத்தில், கோச்செல்லா பள்ளத்தாக்கும் அதன் தலைவாசலான பாம் ஸ்பிரிங்ஸ் நகரும் அமைந்துள்ளன. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டும் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால், குளிர்காலத்தில் பனி மூடும் முகடு பத்து மைலுக்கும் குறைவான தொலைவில் தெரியும். ஒரு நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை பயணம் செய்து காண வேண்டிய நிலத்தோற்றங்கள் ஒரே மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருப்பதே இப்பகுதியின் தனித்தன்மை. இங்கு நடைபயணம், பாறையேற்றம், ரோப் கார்ச் சவாரி, வெந்நீர் ஊற்றுக் குளியல் என எந்த உல்லாசம் வளர்ந்திருந்தாலும், அது இந்த உயர வேறுபாட்டிலிருந்தும் அதன் விளைவுகளிலிருந்தும் பிறந்ததே ஆகும். எனினும் இப்பகுதியின் வரலாற்றை இயற்கை அமைப்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. எந்த அருவியை யார் பார்க்கலாம், எந்தப் பனந்தோப்பு நிலைக்கும், எந்த மரம் வெட்டுப்படும் என்பவற்றை நில உரிமையே பெரும்பாலும் முடிவு செய்து வந்திருக்கிறது.

நிலத்தின் அமைப்பு

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சான் ஹசிந்தோ மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மழையாகவும் பனியாகவும் தன் ஈரத்தை இழந்துவிடுவதால், மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வறண்டு போகிறது. இத்தகைய நிலத்தைப் புவியியலார் மழை மறைவுப் பகுதி என்பர். மேற்குச் சரிவில் பைன் மரக்காடுகள் செழித்திருக்க, பாம் ஸ்பிரிங்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து அங்குல மழையே பெய்கிறது. மலைக்கு வடக்கே உள்ள சான் கொர்கோனியோ கணவாய், அதைவிட உயரமான சான் பெர்னார்டினோ மலைத்தொடரை இதிலிருந்து பிரிக்கிறது. கலிபோர்னியாவின் பெருநிலநடுக்கங்களுக்குக் காரணமான சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இக்கணவாய் வழியாகச் சென்று கோச்செல்லா பள்ளத்தாக்கின் வடகிழக்கு ஓரத்தைத் தொட்டு ஓடுகிறது.

நிலநடுக்கம் தரும் இந்தப் பிளவுதான் பாலையில் சோலைகளையும் தருகிறது. பிளவின் இருபுறப் பாறைகளும் உராய்ந்து அரைபட்டு நுண்ணிய களிமண் ஆவதால் நிலத்தடி நீர் மேற்கொண்டு ஓட முடியாமல் தடைபட்டு மேலெழும்புகிறது. அவ்வாறு நீர் மேலே வரும் இடங்களிலும், மலையிலிருந்து ஓடைகள் இறங்கும் இடுக்குகளிலும், கலிபோர்னியாவில் இயற்கையாக வளரும் ஒரே பனையினமான விசிறிப்பனை தோப்புத் தோப்பாக வளர்கிறது. காய்ந்த ஓலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கி நிற்பது இம்மரத்தின் இயல்பு. பாம் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல் நீளும் பாம் கேன்யன் என்னும் மலையிடுக்கில் இவ்வினத்தின் மிகப் பெரிய இயற்கைத் தோப்புகளில் ஒன்று உள்ளது.

கவீயா மக்களின் பருவப் பயணம்

இந்நிலத்தின் தொல்குடிகள் கவீயா மக்கள். பாலை, மலை, கணவாய் ஆகிய மூவகை வாழிடங்களையும் ஒட்டி அவர்களை மானிடவியலார் மூன்று பிரிவுகளாகக் குறிப்பர். பள்ளத்தாக்கின் தரையில் அவர்களுக்கு முதன்மை உணவாக இருந்தது மெஸ்கீட் மரத்தின் நெற்று. தமிழகக் கண்மாய்களில் பரவியுள்ள சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய இனமான இம்மரத்தின் இனிப்பான நெற்றை இடித்து மாவாக்கி அடைகளாகச் சேமித்தனர். வசந்தத்தில் அடிவாரச் சரிவுகளில் கற்றாழையின் குருத்தையும் பூந்தண்டையும் குழியிலிட்டுச் சுட்டனர். கோடை முற்றும்போது வெப்பத்துக்குத் தப்பி மலையிடுக்குகளுக்குள் ஏறினர். இலையுதிர் காலத்தில் உயர்ந்த சரிவுகளில் ஓக் மரக் கொட்டைகளையும் பைன் விதைகளையும் திரட்டிக்கொண்டு குளிருக்கு முன் இறங்கினர். ஆண்டுதோறும் செங்குத்தாக ஏறி இறங்கிய இந்த வாழ்க்கைமுறையே மலையின் பழைய ஒற்றையடிப் பாதைகளை உருவாக்கியது. இன்றைய நடைபயணிகள் பயன்படுத்தும் பாதைகளுள் சில அவற்றின் மேலேயே அமைந்தவை.

இவ்வாழ்க்கையின் தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆண்ட்ரியாஸ் கேன்யன் என்னும் இடுக்கில் ஓடையோரம் கிடக்கும் பாறைகளின் மேற்பரப்பில், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கொட்டைகளையும் விதைகளையும் இடித்ததால் விழுந்த உரற்குழிகள் வழவழப்பான உள்விளிம்புடன் காணப்படுகின்றன. பனந்தோப்புகளையும் அவர்கள் இயற்கை விட்டபடி விட்டுவிடவில்லை. தொங்கும் காய்ந்த ஓலைகளுக்கு அவ்வப்போது தீ வைத்துப் பூச்சிகளை அழித்தனர். நீரும் சத்தும் கடத்தும் நாளங்கள் தண்டு முழுவதும் பரவியிருப்பதால் பனை மேற்பட்டை கருகினாலும் பிழைத்து, அடுத்து மிகுதியாகக் காய்த்தது. அதன் சிறு பழங்களை உண்டனர், ஓலையால் குடிசை வேய்ந்தனர். நீர் மேலெழும்பாத தரையில் மணலில் கிணறு தோண்டி, நீர்மட்டம் வரை நடந்து இறங்கும்படி பக்கத்தைச் சரிவாக வெட்டினர். இண்டியன் வெல்ஸ் என்னும் இன்றைய ஊரின் பெயர் அத்தகைய கிணற்றை ஒட்டி வந்ததே.

1853-இல் அமெரிக்க அரசு நடத்திய இருப்புப்பாதை வழி ஆய்வுக் குழுவுடன் வந்த புவியியலாளர் வில்லியம் பிளேக், பள்ளத்தாக்கின் மேற்கு ஓரப் பாறைகளில் ஒரே மட்டத்தில் நீளும் வெளிறிய நீர்க்கோட்டைக் கண்டு, இங்கு ஒரு பெரும் நன்னீர் ஏரி இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கவீயா முதியோர் அவரிடம், தம் முன்னோர் காலத்தில் மீனும் பறவையும் நிறைந்த நீர் பள்ளத்தாக்கை நிறைத்திருந்ததாகவும், அது சிறிது சிறிதாக வற்றியதாகவும் கூறினர். கொலராடோ ஆறு திசைமாறிப் பாயும்போதெல்லாம் நிரம்பிய இந்த ஏரி, பிற்காலத்தில் கவீயா ஏரி எனப் பெயர் பெற்றது. நீர் பின்வாங்கப் பின்வாங்கக் கரையோரம் வரிசை வரிசையாகக் கல்லடுக்கிக் கட்டிய மீன்பொறிகள் முதியோரின் சொல்லுக்குச் சான்றாக இன்னும் நிற்கின்றன.

இயற்கைச் சின்னங்கள் அவர்களுக்கு நம்பிக்கையின் இருப்பிடங்களாகவும் இருந்தன. பாம் ஸ்பிரிங்ஸின் மேற்கு விளிம்பில் ஏறத்தாழ 60 அடி உயர அருவியுடன் அமைந்த தாக்விட்ஸ் இடுக்கில், தன் ஆற்றலைத் தீமைக்குப் பயன்படுத்தியதால் விலக்கப்பட்ட, அதே பெயருடைய மந்திரவாதி ஒருவன் உறைவதாகவும், மலையின் உறுமலும் வானில் பாயும் எரிகல்லும் அவனே என்றும் அவர்கள் கூறினர். குடிப்பெயர்ச்சியின் வழிகளைச் சொல்லும் பறவைப் பாடல்கள் எனப்படும் பாடல் தொகுதிகளைச் சுரைக்காய்க் கிலுகிலுப்பையின் தாளத்தில் இரவு முழுதும் பாடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இக்குடியின் தலைவர்களுள் ஒருவரான பிரான்சிஸ்கோ பதென்சியோ சொன்ன மரபுக் கதைகள் 1943-இல் நூலாக வெளிவந்தன.

சதுரங்கக் கட்டங்களான நிலம்

1862, 1863 ஆண்டுகளில் பரவிய பெரியம்மை கவீயா மக்களின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது. அதே ஆண்டுகளில் கொலராடோ ஆற்றோரத் தங்கவயல்களுக்குச் செல்வோர் இவ்வழியே கோச்சு வண்டிப் பாதை அமைத்தனர். அடுத்து வந்தது இருப்புப்பாதை. சதர்ன் பசிபிக் நிறுவனம் பாதை அமைப்பதற்கு ஊக்கமாக, பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண்ணுள்ள செக்‌ஷன்களை அமெரிக்க அரசு அதற்கு வழங்கியது. செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் பரப்புள்ள அளவை அலகு. எஞ்சிய இரட்டைப்படைக் கட்டங்களிலிருந்து 1876-இல் அதிபர் கிராண்ட் ஆணையாலும் 1877-இல் அதிபர் ஹேய்ஸ் ஆணையாலும் ஆகுவா கலியென்டே எனப்படும் கவீயா குழுவுக்குப் பழங்குடி ஒதுக்கு நிலம் வரையறுக்கப்பட்டது. அவ்வாறு ஒரு கட்டம் வெள்ளையருக்கும் அடுத்த கட்டம் பழங்குடிக்குமாகச் சதுரங்கப் பலகை போலப் பிரிந்த நிலத்தின் மேல்தான் பாம் ஸ்பிரிங்ஸ் எழுந்தது. ஊருக்குப் பெயர் தந்த வெந்நீர் ஊற்று, 14-ஆம் எண் செக்‌ஷனில், பழங்குடியின் பக்கத்தில் விழுந்தது.

இந்தப் பகுதியின் பழங்குடியினர் நிலமிழந்த நிலையை எழுத்தாளர் ஹெலன் ஹன்ட் ஜாக்சன் 1883-இல் அரசுக்கு அறிக்கையாகக் கொடுத்தார். அறிக்கை அசைக்காத மனங்களை அசைக்க வேண்டி 1884-இல் சான் ஹசிந்தோ மலையடிவாரத்தைக் களமாகக் கொண்டு 'ரமோனா' என்னும் நாவலை எழுதினார். நாவல் பெரும் புகழ் பெற்றது. ஆனால் அது தூண்டிய முதல் விளைவு, கதை நடந்த இடங்களைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் திரண்டு வந்ததுதான். மலையின் மேற்கே உள்ள ஹெமெட் ஊரில் 1923 முதல் அந்நாவல் திறந்தவெளி நாடகமாக நடத்தப்பட்டு வருகிறது.

நோயாளிகளும் விருந்தினரும்

பாம் ஸ்பிரிங்ஸில் குடியேறிய முதல் வெள்ளையர் குடும்பம் நோயின் பொருட்டு வந்தது. சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞர் ஜான் மெக்கல்லம், நோயுற்ற மகனுக்கு வறண்ட காற்று நலம் தரும் என்று கருதி 1884-இல் இங்கு வந்து, இருப்புப்பாதை நிறுவனத்திடம் நிலம் வாங்கி, வைட்வாட்டர் ஆற்றிலிருந்து 19 மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பழத்தோட்டங்கள் அமைத்தார். 1893-இல் வந்த வெள்ளமும் அதைத் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் நீடித்த வறட்சியும் அவருடைய வேளாண் குடியேற்றத்தை அழித்தன. பயிருக்கு உதவாத வெயிலே ஊருக்குப் பிழைப்பானது. வெல்வுட் மர்ரே என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1880-களில் தொடங்கிய சிறு விடுதியை அடுத்து, 1909-இல் நெல்லி காஃப்மன் டெசர்ட் இன் விடுதியை நிறுவினார். தொடக்கத்தில் நோயாளிகளுக்கு இடமளித்த அவ்விடுதி, நாளடைவில் உடல்நலமுள்ள செல்வர்களின் குளிர்கால இல்லமாக மாறியது. பாலை மருத்துவமனையாக இருந்த காலம் முடிந்து உல்லாசத் தலமாக மாறிய திருப்பம் இதுவே.

இத்திருப்பத்துக்கு எழுத்தும் திரைப்படமும் துணை செய்தன. பாலை என்பது விரைந்து கடந்துவிட வேண்டிய பாழ்நிலம் என்ற எண்ணத்தை 1901-இல் வெளிவந்த ஜான் வான் டைக்கின் 'தி டெசர்ட்' நூல் மாற்றத் தொடங்கியது. இங்கிலாந்தில் பிறந்து இங்கு குடியேறிய ஸ்மீட்டன் சேஸ் குதிரையேறிப் பாலைத்தடங்களைச் சுற்றிவந்து 1919-இல் பயணநூலும், 1920-இல் பாம் ஸ்பிரிங்ஸை அமெரிக்காவின் அரபு நாடாகச் சித்திரித்த வழிகாட்டியும் வெளியிட்டார். 1915-இல் இங்கு பள்ளி ஆசிரியராக வந்த எட்மண்ட் ஜேகர் பின்னாளில் பாலையின் உயிரினங்களைப் பற்றிய தலைசிறந்த அறிஞரானார். 1946-இல் சக்வல்லா மலையில் பாறைக்குழிக்குள் குளிர்கால உறக்கத்தில் ஆழ்ந்திருந்த பூர்வில் என்னும் பக்கிக் குருவியினப் பறவையைக் கண்டு, பறவையும் நெடுந்துயில் கொள்ளும் என்பதை அறிவியலுக்கு முதலில் உறுதிப்படுத்தியவர் அவர். ஹாலிவுட் நிறுவனங்களுக்கு மணற்குன்றுக் காட்சிகள் அருகிலேயே கிடைத்தன. 1937-இல் வெளியான 'லாஸ்ட் ஹொரைசன்' படத்துக்குத் தாக்விட்ஸ் அருவி பயன்பட்டது. படம் எடுக்க வந்த நடிகர்கள் தங்கவும் தொடங்க, 1938-இல் பாம் ஸ்பிரிங்ஸ் நகராட்சியாயிற்று.

இவ்வளர்ச்சியின் நடுவே, 1922-இல் பாம் கேன்யனைத் தேசியச் சின்னமாக அறிவிக்க அமெரிக்க காங்கிரஸ் வழிசெய்தது. தேசியச் சின்னம் என்பது இயற்கை அல்லது வரலாற்றுச் சிறப்பு கருதி அரசு தன் காப்பில் வைக்கும் இடம். அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. பனந்தோப்பு கவீயா மக்களிடமே நின்றது. பிற்கால நிகழ்வுகளைக் கொண்டு பார்க்கும்போது, நடக்காமல் போன இந்த அறிவிப்பு நடந்தேறிய பல அறிவிப்புகளை விட முக்கியமானது.

ஜோஷுவா மரங்களின் காவலர்

கோச்செல்லா பள்ளத்தாக்குக்கு வடகிழக்கே, தாழ்ந்த கொலராடோ பாலையும் உயர்ந்த மொஹாவி பாலையும் சந்திக்கும் மேட்டுநிலத்தில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. யூக்கா இனத்தைச் சேர்ந்த ஜோஷுவா மரம் கூர்வாள் போன்ற இலைக்கொத்துகளைக் கிளைநுனிகளில் ஏந்தி நிற்பது. யூக்கா அந்துப்பூச்சி ஒன்றே அதற்கு மகரந்தச் சேர்க்கை செய்கிறது, அப்பூச்சியின் புழுக்களுக்கோ அம்மரத்தின் விதைகளே உணவு. மரங்களிடையே குவிந்து கிடக்கும் பெரும்பாறைகள், பூமிக்கடியில் குளிர்ந்து இறுகிய மான்சோகிரானைட் என்னும் கற்குழம்புப் பாறை, செங்குத்தும் கிடையுமான வெடிப்புகளின் வழியே இறங்கிய நிலத்தடி நீரால் மூலைகள் கரைந்து உருண்டையாகி, மேல்மண் அரித்துச் செல்லப்பட்டபின் ஒன்றன்மேல் ஒன்றாக எஞ்சியவை.

1920-களில் மோட்டார் வண்டி பெருகியபோது இப்பாலைத் தாவரங்களுக்குக் கேடுகாலம் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் செல்வர் வீடுகளில் கள்ளித்தோட்டம் அமைப்பது நாகரிகமானதால், லாரி லாரியாகச் செடிகள் பிடுங்கிச் செல்லப்பட்டன. இரவில் வழி தெரிவதற்காக ஜோஷுவா மரங்களுக்குத் தீ வைக்கும் வழக்கமும் இருந்தது. சவுத் பாசடீனா நகரில் வாழ்ந்த தோட்டக்கலை ஆர்வலர் மினெர்வா ஹாமில்டன் ஹாய்ட், தம் மகனையும் கணவரையும் இழந்த துயரில் பாலையில் ஆறுதல் கண்டவர், இந்த அழிவை எதிர்த்துப் பணியைத் தொடங்கினார். பாலையைக் காணாதவரிடம் பாலையைக் கொண்டு சேர்ப்பதே அவருடைய உத்தி: நியூயார்க், பாஸ்டன், லண்டன் நகர்களில் உயிருள்ள பாலைச் செடிகளும் மணலும் பாறையும் வைத்து அவர் நடத்திய கண்காட்சிகள் பெரும் கவனம் பெற்றன. இறுதியில் 1936 ஆகஸ்ட் 10-ஆம் நாள் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 8,25,000 ஏக்கர் பரப்பை ஜோஷுவா ட்ரீ தேசியச் சின்னமாக அறிவித்தார். அறிவிப்பு நிலையான காப்பாக அமையவில்லை. சுரங்கத் தொழிலின் நெருக்குதலால் 1950-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் நீக்கப்பட்டது. 1994-இல் கலிபோர்னியா பாலைப் பாதுகாப்புச் சட்டம் இழந்த பரப்பில் பெரும்பகுதியை மீட்டதோடு இதைத் தேசியப் பூங்காவாகவும் உயர்த்தியது. அண்மை ஆண்டுகளில் இங்கு வருவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு 30 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

பாறையும் எண்களும்

சான் ஹசிந்தோவின் மேற்குச் சரிவில், ஐடில்வைல்டு என்னும் மலையூருக்கு மேலே, மந்திரவாதியின் பெயரையே தாங்கிய தாக்விட்ஸ் பாறை வெண்சாம்பல் நிறக் கிரானைட் சுவராக எழுந்து நிற்கிறது. 1931-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் அண்டர்ஹில், ஆல்ப்ஸ் மலையில் வழங்கிய கயிற்றுமுறைகளைச் சியரா கிளப் என்னும் சங்கத்தின் உறுப்பினர்களுக்குக் கற்பித்தார். அதன் பயனாக 1934-இல் அச்சங்கத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் பாறையேற்றப் பிரிவு உருவாயிற்று. பயிற்சிக்கு ஏற்ற இடம் தேடிய அப்பிரிவினர் 1930-களின் நடுவில் தாக்விட்ஸ் பாறையைக் கண்டடைந்து, ஆண்டுதோறும் புதிய ஏற்றப்பாதைகளை வகுத்தனர்.

உலகப் பாறையேற்றத்துக்கு இப்பாறை அளித்த கொடை ஓர் எண்முறையாகும். சியரா கிளப் 1930-களில் ஐரோப்பிய முறையைத் தழுவி மலைவழிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தது: முதல் வகுப்பு சாதாரண நடை, ஐந்தாம் வகுப்பு, விழுந்தால் கயிறு தாங்க வேண்டிய பாறையேற்றம், ஆறாம் வகுப்பு, ஆணியையும் கயிற்றையும் பிடித்தே ஏற வேண்டியது. ஏறுவோரின் திறன் வளர வளர ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே எளியதும் மிகக் கடியதும் ஒரே பெயரில் அடங்கின. இக்குறையைத் தீர்க்க 1950-களில் தாக்விட்ஸ் பாறையில் ஏறிவந்த ராயல் ராபின்ஸ், டான் வில்சன், சக் வில்ட்ஸ் ஆகியோர் ஐந்தாம் வகுப்பை 5.0 முதல் 5.9 வரை பதின்கூறுகளாகப் பகுத்தனர். இரு சுவர்கள் திறந்த புத்தகம்போல் கூடும் மூலையில் அமைந்த 'ஓப்பன் புக்' பாதையை, 1952-இல் 17 வயது ராபின்ஸ் ஆணிகளைப் பற்றாமல் கைகால் வலிமையாலேயே ஏறியது 5.9 என்னும் எல்லைக்கு அளவுகோலாயிற்று. பின்னர் அவ்வெல்லையும் தாண்டப்பட்டு 5.10, 5.11 என எண்கள் நீண்டன. யோசெமிட்டி பதின்மமுறை என்ற பெயரில் இன்று வட அமெரிக்கா முழுவதும் வழங்கும் இம்முறை பிறந்தது யோசெமிட்டியில் அன்று, தாக்விட்ஸ் பாறையில்தான். கோடையில் இப்பாறையிலும், பனி பெய்யும் மாதங்களில் ஜோஷுவா ட்ரீயின் உருண்டைப் பாறைகளிலும் ஏறுவது தெற்குக் கலிபோர்னியப் பாறையேறிகளின் வழக்கமாயிற்று. உணவு தேடி உயரம் மாறிய பழைய பருவப் பயணம் விளையாட்டாக மறுபடியும் நிகழ்ந்தது எனலாம்.

மலைமேல் ரோப் கார்

1935-இல் வெப்பம் மிகுந்த ஒரு நாளில் கணவாய்ச் சாலையில் காரில் சென்ற மின்பொறியாளர் பிரான்சிஸ் கிராக்கர், பனி மூடிய முகட்டைப் பார்த்து, அந்தக் குளிருக்குச் சில நிமிடங்களில் சென்றுவிட வழி வேண்டும் என்று எண்ணினார். அவ்வெண்ணம் நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. இரண்டு முறை ஆளுநர் மறுத்த சட்டமுன்வரைவு 1945-இல் ஆளுநர் எர்ல் வாரன் ஒப்புதலால் சட்டமாகி ஒரு பொது அமைப்பு உருவானது. கொரியப் போரால் பணி தள்ளிப்போனது. மலைக்காட்டின் அமைதி கெடும் என்று இயற்கைப் பாதுகாப்பாளர்கள் எதிர்த்தனர். வரிப்பணம் எடுக்காமல் 81.5 லட்சம் டாலர் கடன்பத்திரம் விற்று 1961-இல் வேலை தொடங்கியது. ஐந்து கோபுரங்களுள் முதல் கோபுரத்துக்கு மட்டுமே சாலை போட முடிந்தது. செங்குத்தான சினோ இடுக்கில் நிறுவ வேண்டிய மற்ற நான்குக்கும், மேல்நிலையத்துக்கும் ஆட்கள், கம்பி, சிமெண்ட், நீர் அனைத்தையும் ஹெலிகாப்டர்களே சுமந்தன. 26 மாதங்களில் ஏறத்தாழ 23,000 முறை அவை பறந்தன.

1963 செப்டம்பரில் திறக்கப்பட்ட ரோப் கார் 2,643 அடி உயரத்திலுள்ள கீழ்நிலையத்திலிருந்து 8,516 அடியிலுள்ள மேல்நிலையத்துக்குப் பத்து நிமிட அளவில் ஏற்றிச் செல்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் பெட்டியின் தளமே சுழல்வதால் பயணிகள் நின்ற இடத்திலிருந்தே எல்லாத் திசைகளையும் காண்கின்றனர். கள்ளி வளரும் தரையிலிருந்து பைன்காடு வரை கவீயா மக்கள் பருவம் முழுதும் நடந்து கடந்த அடுக்குகளை இன்று குழந்தைகளும் முதியோரும் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் கடக்கின்றனர். நடந்தே ஏற விரும்புவோருக்குப் பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் அருங்காட்சியகத்தின் பின்புறத்திலிருந்து முகடு வரை 10,000 அடிக்கு மேல் உயரும் வழி உண்டு. மேல்நிலையத்தின் அருகே வரும் வரை வழியில் நீர் கிடைக்காததால், வெயில் ஏறிய பின் புறப்பட்டவர்கள் உயிரிழந்ததும் உண்டு.

உரிமையும் காப்பும்

உல்லாசத்தால் ஊர் செழித்த காலத்தில் நிலத்தின் உரிமையாளர்கள் வறியவர்களாகவே இருந்தனர். ஒதுக்கு நிலத்தைக் குறுகிய காலத்துக்கு மட்டுமே குத்தகைக்கு விடலாம் என்ற சட்டத்தால் எவரும் அங்கு நிலையான கட்டடம் எழுப்ப முன்வரவில்லை. தமக்கு உரிய பங்கு நிலத்தைக் கோரிக் கவீயா குடியைச் சேர்ந்த லீ அரேனாஸ் தொடுத்த வழக்கு 1944-இல் உச்ச நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாயிற்று. 1950-களில் வயோலா ஓர்ட்னர் தலைமையில் பெண்கள் மட்டுமே அமைந்த பழங்குடி மன்றம் வாஷிங்டனில் தொடர்ந்து வாதாடியதன் பயனாக, 1959-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு அனுமதி கிடைத்தது. அதோடு வந்த காப்பாளர் முறை புதிய கொடுமையானது: பழங்குடியினர் தம் சொத்தை ஆளத் தகுதியற்றவர் என நீதிமன்றம் முடிவு செய்து அமர்த்திய காப்பாளர்கள் பெருந்தொகைகளைக் கட்டணமாக எடுத்துக்கொண்டனர். இதை வெளிக்கொணர்ந்த ரிவர்சைடு நகர நாளிதழுக்கு 1968-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. காப்பாளர் முறையும் ஒழிந்தது.

இவ்வளர்ச்சிக்கு வேறு சிலரும் விலை கொடுத்தனர். விடுதிகளிலும் வீடுகளிலும் உழைத்த கறுப்பின, மெக்சிக மரபுத் தொழிலாளர்கள், நகரின் பிற பகுதிகளில் வீடு மறுக்கப்பட்டதால் வெந்நீர் ஊற்று அமைந்த 14-ஆம் செக்‌ஷனில் வாழ்ந்தனர். நீண்ட குத்தகைக்கு வழி பிறந்து நிலத்தின் மதிப்பு உயர்ந்தபோது, 1950-களிலும் 1960-களிலும் அவர்களுடைய வீடுகளை நகர நிர்வாகம் இடித்தும் எரித்தும் அகற்றியது. 2021-இல் நகராட்சி இதற்கு மன்னிப்புக் கேட்டது. 2024-இல் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

இயற்கைச் சின்னங்களின் காப்பிலும் கவீயா மக்களின் பங்கு வளர்ந்தது. 1960-களின் இறுதியில் இளைஞர் கூட்டங்கள் குடியேறிச் சீரழித்த தாக்விட்ஸ் இடுக்கை அவர்கள் மூடி, குப்பையையும் பாறைக் கிறுக்கல்களையும் அகற்றி, 1990-களின் இறுதியில் வழிகாட்டிகளுடன் மீண்டும் திறந்தனர். 1998-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்ட பெருங்கொம்பு மலையாடுகள் அப்போது அமெரிக்கப் பகுதியில் 300-க்கும் குறைவாக இருந்தன. குட்டி ஈனும் இடங்களில் நாய்களுக்குத் தடை போன்ற கட்டுப்பாடுகள் அவற்றைத் தேறச் செய்தன. 2000-இல் காங்கிரஸ் 2,72,000 ஏக்கர் பரப்புள்ள சான்டா ரோசா - சான் ஹசிந்தோ மலைத் தேசியச் சின்னத்தை உருவாக்கியபோது, ஆகுவா கலியென்டே குழு அதன் மேலாண்மையில் பங்காளியாக ஏற்கப்பட்டது. ஒதுக்கு நிலத்தின் அடியிலுள்ள நிலத்தடி நீரிலும் அக்குழுவுக்கு உரிமை உண்டு என்று 2017-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலையில் எல்லா உல்லாசமும் நீரைச் சார்ந்திருப்பதால் இதன் விளைவு நீண்டகாலம் உணரப்படும்.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. அரசின் அறிவிப்பால் காக்கப்பட்ட ஜோஷுவா மரக்காடு ஒருமுறை சுருக்கப்பட்டுப் போராட்டத்தால் மீண்டது. மலைமுகட்டின் அமைதி ரோப் காருக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது. பனந்தோப்புகளோ, அவற்றை உணவாகவும் கூரையாகவும் அறிந்த மக்களிடம் உரிமை நிலைத்ததால் ஒரு நூற்றாண்டு சுற்றுலாவைத் தாங்கி நிற்கின்றன. இன்றும் பாம் கேன்யனுக்கும் ஆண்ட்ரியாஸ் கேன்யனுக்கும் செல்வோர் வாயிலில் நுழைவுக் கட்டணம் செலுத்துவது கவீயா மக்களின் மன்றத்துக்கே. பாதைகளைத் திறப்பதும் அடைப்பதும் அவர்களுடைய வனக்காவலர்களே.